ஹார்பர் கான்ட்ராக்ட் வேலை: ஸ்ட்ரைக் அன்னைக்கு லீவ் போட்டா ஜெயிலா?

தூத்துக்குடி ஹார்பர்ல கான்ட்ராக்டர்கிட்ட லாஷிங் வேலை (கப்பல்ல கன்டெய்னரை ராடு மாட்டி இறுக்கிக் கட்டுறது) பாக்குற ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணாச்சி, புது லேபர் கோடை (தொழிலாளர் சட்டத் தொகுப்பை) எதிர்த்து யூனியன் ஸ்ட்ரைக் அறிவிக்கப் போகுதாம், அதுக்குள்ள நாமளே ஒருநாள் மொத்தமா லீவ் போட்டுரலாம்னு எங்க செட்ல பேசுறாங்க, போட்டா ஜெயில்னு சூப்பர்வைசர் சொல்றாரு, நெசமா?"

தம்பி, லீவ் யோசனையை முதல்ல விடுங்க. 2025 நவம்பர் 21ல நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் கோடுல, ஒரு இடத்துல வேலை பாக்குறவங்கள்ல பாதிப் பேரோ அதுக்கு மேலயோ ஒரே நாள்ல சேந்து கேஷுவல் லீவ் போட்டா அதுவும் ஸ்ட்ரைக்தான்னு எழுதிட்டாங்க, நோட்டீஸ் இல்லாததால அது சட்டவிரோத ஸ்ட்ரைக் ஆயிரும். 1,000 ரூபாய்ல இருந்து 10,000 வரை ஃபைன், இல்லன்னா ஒரு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம். பழைய சட்டத்துலயும் ஒரு மாச ஜெயில் இருந்துச்சு, ஃபைன்தான் வெறும் 50 ரூபாய்.

யூனியன் முறையா நோட்டீஸ் குடுத்து 14 நாள் கழிச்சு இறங்குனா கதையே வேற. இந்த 14 நாள் மத்த தொழில்ல பலருக்குப் புதுசு, ஹார்பர்காரங்களுக்கு 1947 சட்டத்துலயே உண்டு, நோட்டீஸோட பலமும் அவங்களுக்குத் தெரியும். 2024 ஆகஸ்ட் 28ல இருந்து ஸ்ட்ரைக்னு துறைமுக சம்மேளனங்கள் நோட்டீஸ் குடுத்தாங்க, முந்தின நாளே 8.5 சதவீத சம்பள உயர்வு பேசி முடிஞ்சுது, ஒரு கப்பல் கூட நிக்கல. ஆனா ஒண்ணு கவனிங்க, ரெண்டு தரப்பையும் உக்கார வச்சுப் பேசுற அரசோட சமரச அதிகாரி முதல் மீட்டிங் போட்டுட்டாருன்னா பேச்சு முடியுற வரைக்கும், முடிஞ்சு இன்னும் 7 நாளைக்கும் ஸ்ட்ரைக் பண்ணக் கூடாது. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி அந்த சமரச மீட்டிங் நடந்துச்சான்னு யூனியன் ஆபீஸ்ல கேளுங்க, நோட்டீஸ் காப்பியில தேதியைக் கண்ணால பாத்துக்கோங்க.

எனக்கு உண்மையிலயே வயிறு எரியுறது வேற இடத்துல. அந்த 8.5 சதவீதம் போர்ட்டோட சொந்த ஊழியர்களுக்கு, உங்களுக்கு இல்ல. ராத்திரி ஷிப்ட்ல அடுக்கி வச்ச கன்டெய்னருக்கு நடுவுல நின்னு நீளமான ராடைத் தூக்கி மாட்டுறது நீங்க, கேட் பாஸ்ல இருக்கிறது கான்ட்ராக்டர் பேரு. புது பாதுகாப்புக் கோடு என்ன சொல்லுதுன்னா, ஒரு நிறுவனத்தோட மையமான வேலையில கான்ட்ராக்ட் ஆள் வைக்கக் கூடாது. ஏத்தி இறக்குற வேலையை மையமில்லாததுன்னு ஒதுக்கியிருக்காங்க, ஆனா அந்த நிறுவனமே அதுக்காக ஆரம்பிச்சதா இருந்தா அந்த விலக்கு கிடையாது. ஹார்பர் வேற எதுக்குங்க இருக்கு? ஆனா வழக்கமா கான்ட்ராக்டர் மூலமாவே நடக்குற வேலைன்னா வச்சுக்கலாம்னு ஒரு ஓட்டையும் விட்டிருக்காங்க, நிர்வாகம் அதுலதான் நுழைவாங்க. அதோட கான்ட்ராக்ட் சட்டம் முன்னாடி 20 பேர் இருந்தாலே பொருந்தும், இப்ப 50 பேர் வேணும், ஆளைப் பிரிச்சுப் பிரிச்சு எடுத்தா கான்ட்ராக்டர் தப்பிச்சுரலாம். யூனியன்ல பேசுறப்போ சம்பளத்தோட இதையும் கோரிக்கையில சேக்கச் சொல்லுங்க.

கேட் பாஸ், சம்பளச் சீட்டு, பிஎஃப் நம்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்ல ஒருத்தர் போனுக்கும் அனுப்பி வைங்க. தூத்துக்குடி மேஜர் போர்ட், அதாவது மத்திய அரசு கையில இருக்குற துறைமுகம், அதனால புகார் குடுக்கணும்னா மத்திய அரசோட லேபர் கமிஷனர் ஆபீஸுக்குத்தான் போகணும், மாநில ஆபீஸுக்குப் போய் அலையாதீங்க.