பிளாஸ்க் வருகிறது, அவர் ஏன் வரவில்லை?

கேள்வி: எனக்கு வயது 67. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு பூங்காவில் மூன்று வருடங்களாகத் தினமும் காலை ஐந்தரை முதல் ஆறரை வரை தாய் சி செய்கிறோம், மெதுவாகக் கைகாலை அசைத்துச் செய்யும் சீன உடற்பயிற்சி. சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறார். 24 நிலைகளையும் முடித்துவிட்டோம். பயிற்சி முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து சுக்குக் காபி குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் கலைவோம். காபி என் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் வந்துவிடும். மனைவிக்கு முட்டிவலி, அதனால் அவர் வருவதில்லை. ஆரம்பத்தில் 22 பேர் இருந்தோம், இப்போது 9 பேர்தான். ஐப்பசியில் வேன் பிடித்து ஏற்காடு ஏரிக்கரைக்குப் போய்ப் பயிற்சி செய்தோம். அன்றைக்கும் பாதி சீட் காலி. மனசு விட்டுப்போகிறது. ஆள் சேர்க்க பேனர் வைக்கலாமா? வாட்ஸ்அப்பில் வீடியோ போடலாமா?
- வாசகர், சேலம்

பதில்: பேனரும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். முதலில் அந்த பிளாஸ்க்கைப் பற்றிப் பேசுவோம்.

9 பேருக்குச் சுக்குக் காபி என்றால் ஒரு லிட்டருக்குக் குறையாது. சுக்கையும் கொத்தமல்லியையும் மிளகையும் தட்டிப் போட வேண்டும், கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்ட வேண்டும், கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடியைத் திருகி உங்கள் கையில் கொடுக்க வேண்டும். நீங்கள் ஐந்தரைக்குப் பூங்காவில் நிற்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டம்மா நாலரைக்கு அடுப்படியில் நிற்கிறார். முட்டிவலியோடு நிற்கிறார். 22 பேர் இருந்தபோது எத்தனை பிளாஸ்க் போனது என்று நீங்கள் எழுதவில்லை. காலி பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்ப்பது யார் என்றும் எழுதவில்லை. அது எழுதாமலே தெரிகிறது.

முட்டிவலிக்காரரால் அடுப்பு முன்னால் ஒரு மணி நேரம் நிற்க முடியும், பூங்காவில் மட்டும் நிற்க முடியாதா? இந்தக் கணக்கைப் போட்டது அவரா, நீங்களா? ஒருநாளாவது "நீயும் வாயேன்" என்று கூப்பிட்டிருந்தால் கடிதத்தில் அதைப் பெருமையாக எழுதியிருப்பீர்கள். இத்தனை விவரம் எழுதியவர் அதையா விட்டிருப்பீர்கள்?

அதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். மூன்று வருடம் தாய் சி செய்கிற ஒருவர் "முட்டிவலி, அதனால் வருவதில்லை" என்று எழுதலாமா? முட்டிவலி இருப்பதால்தான் அவர் வர வேண்டும். பாஸ்டன் நகரில் முட்டித் தேய்மானம் உள்ள 204 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 வாரம் தாய் சி, மறுபாதிக்கு பிசியோதெரபி கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. வலி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. மனச்சோர்வு குறைந்ததில் தாய் சி பக்கம்தான் மேல். முட்டித் தேய்மானத்துக்கு அழுத்தமாகப் பரிந்துரைக்கப்படும் பயிற்சிகளில் 2019இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் தாய் சியையும் சேர்த்தார்கள். காரணம் ஒன்றும் மாயமில்லை. உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு மெதுவாக மாற்றி மாற்றி நிற்கும்போது தொடைத் தசை வலுவாகிறது. முட்டிமேல் விழ வேண்டிய பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. இதெல்லாம் உங்கள் மாஸ்டரே சொல்லியிருப்பார். நீங்களும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவரிடம் பிளாஸ்க்கை நீட்டியிருக்கிறீர்கள்.

ஏற்காட்டு வேனுக்கு வருகிறேன். பாதி சீட் காலி என்று வருத்தப்படுகிறீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, 20 வளைவு இறங்கியிருக்கிறீர்கள். பக்கத்தில் காலி சீட். ஒரு வளைவிலாவது அது யாருக்கான இடம் என்று தோன்றவில்லையா? அன்றைக்குப் புளிசோறும் உங்கள் வீட்டிலிருந்துதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும்.

ஆண் ஓய்வு பெற்றால் அந்த வீட்டில் பெண்ணுக்கும் ஓய்வு கிடைத்தாக வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரி. அறுபதாம் கல்யாணம் செய்கிறோம், சொந்தபந்தம் சூழ மாலை மாற்றிக்கொள்கிறோம், போட்டோவைக் கூடத்தில் மாட்டுகிறோம். மறுநாள் விடிகாலையில் அந்தம்மா பழையபடி அடுப்படியில், ஐயா பழையபடி வாக்கிங்கில். நாளைக்கு நீங்கள் காய்ச்சலில் படுத்தால் அந்த 9 பேரும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்கள், தங்கமான மனிதர்கள்தான். ராத்திரி இரண்டு மணிக்கு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் ஒருவர்தான். அவருக்கு முட்டி நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் கடமை.

சரி, ஆள் குறைந்த விஷயம். விட்டுப்போன 13 பேரில் பெண்கள் எத்தனை பேர்? எனக்கு என்னவோ முதல் நாளிலிருந்தே ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. நீங்கள் வைத்திருக்கும் நேரம் அப்படி. ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும், பால் காய்ச்ச வேண்டும், குழாயில் தண்ணீர் விடுகிற நாளாக இருந்தால் குடம் பிடிக்க வேண்டும், பேரப்பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் கையை வீசிக்கொண்டு வர ஓய்வு பெற்ற ஆண்களால்தான் முடியும். 24 நிலை முடித்ததைப் பெரிதாகச் சொல்கிறீர்கள். சாதாரண ஜனங்கள் சுலபமாகக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதைச் சுருக்கித் தொகுத்தது. முழுசாகச் செய்தாலும் ஆறு நிமிடம்தான். சீனாவில் பூங்காவுக்குப் பூங்கா பாட்டிமார்களும் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் அதை ரிட்டயர்டு ஆபீசர் கிளப் ஆக்கிவிட்டீர்கள், அப்புறம் கிளப் சுருங்குகிறது என்கிறீர்கள்.

நாளையிலிருந்து காபி உங்கள் வேலை. சுக்கு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவரை எழுப்பிக் கேட்காதீர்கள், இன்று ராத்திரியே பார்த்து வையுங்கள்.

அவரைக் கூப்பிடுங்கள். "எனக்கெதுக்குங்க இதெல்லாம்" என்பார். பல வருடப் பழக்கத்தில் வருகிற பேச்சு அது, அதையே பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறொரு நாள் மறுபடி கூப்பிடுங்கள். நிஜமாகவே விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது அவர் முடிவு. காபி வேலை மட்டும் அவரிடம் திரும்பப் போகக் கூடாது.

வந்தாரென்றால் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், மாஸ்டரிடம் விட்டுவிடுங்கள். கணவன் கற்றுக்கொடுத்து மனைவி ஸ்கூட்டர் ஓட்டப் பழகிய வீடுகளில் நடந்த சண்டை போதும். முட்டி வீங்கியிருந்தாலோ நடக்கும்போது மடங்கினாலோ முதலில் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, மேகம்போல் கையை அசைக்கும் நிலையிலிருந்து தொடங்கலாம். அதிகம் மடக்காமல் நிமிர்ந்தே செய்யட்டும், முட்டி கால்விரலைத் தாண்டி முன்னால் போக வேண்டாம். பாம்புபோல் கீழே இறங்கும் நிலை அவருக்குத் தேவையே இல்லை. நிற்க முடியாத நாளில் உட்கார்ந்தபடியே செய்யலாம், அதுவும் தாய் சிதான்.

அப்புறம் வாரத்தில் மூன்று நாளாவது பயிற்சியை மாலை ஐந்தரைக்கு மாற்றுங்கள். மற்ற 8 பேரிடமும் அவரவர் வீட்டுக்காரம்மாவைக் கூட்டி வரச் சொல்லுங்கள். எட்டில் நாலு பேர் வந்தாலும் போதும், அவர்கள் அக்கம்பக்கத்தில் சொல்வதற்கு எந்த பேனரும் ஈடாகாது. அந்த பேனர் காசுக்குக் கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிப் போடுங்கள். ராத்திரியில் அவற்றை எங்கே வைப்பது என்று பூங்கா வாட்ச்மேனிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.