சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன்னின் நாடகங்களைப் புரிந்துகொள்ள அவர் காலத்து வரலாறு தெரிய வேண்டுமா?

கட்டாயம் தெரிய வேண்டும் என்றுதான் சொல்வேன். 1939இல் சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் பிறந்து, சிறுவனாகச் சிங்கப்பூர் வந்தவர் அவர். சிட்னியில் நாடகம் படித்துத் திரும்பி, சிங்கப்பூர் தனி நாடான அதே 1965இல் மனைவி கோ லே குவானுடன் கலைப்பள்ளி தொடங்கினார். அப்போதைய அவருடைய நாடகங்கள் உழைப்பாளிகள் பக்கம் நின்றன. இடதுசாரிகள்மீது அரசின் சந்தேகம் பலமாக இருந்த காலம் அது. 1976இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதானார். நான்கரை ஆண்டு தடுப்புக்காவல். குடியுரிமையும் போனது.

1980இல் வெளியே வந்தபோது ஊரின் பேச்சே மாறிக்கொண்டிருந்தது. சீனர்கள் ஹொக்கியன் போன்ற வட்டார மொழிகளை விட்டு மாண்டரின் பேச வேண்டும் என்ற அரசின் 'மாண்டரின் பேசும் இயக்கம்' முந்திய ஆண்டுதான் தொடங்கியிருந்தது. பள்ளிகளில் ஆங்கிலம் முதலிடத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஹொக்கியன் மட்டுமே தெரிந்த முதியவர்கள் சொந்த வீட்டிலேயே தனித்துப்போனார்கள்.

சரி, இப்போது 1988இல் மேடையேறிய 'பூனையைத் தேடும் அம்மா' நாடகத்தைப் பாருங்கள். பிள்ளைகளோடு பேச்சு அறுந்துபோன ஒரு தாய், தன் பூனையைத் தேடிப் போகிறாள். வழியில், அவளைப் போலவே பூனையைத் தேடும் ஒரு தமிழ்ப் பெரியவரைச் சந்திக்கிறாள். அவள் ஹொக்கியனில் பேச, அவர் தமிழில் பேச, சைகையாலேயே இருவரும் ஒட்டிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் மட்டும் பதில் சொல்லும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் மொழியை அவர் மேடையின் நடுவே வைத்தது எனக்கு இன்றும் பெருமை.

அப்புறம், சிங்கப்பூர்க் கலைஞர்களுக்கான உயரிய விருதான கலாசாரப் பதக்கம் அவருக்கு முதலில் கிடைத்தது. குடியுரிமை திரும்பக் கிடைத்தது 1992இல்தான்.