உள்ளே இருந்தே மாற்ற நினைக்கிறோம், முடியுமா?

கேள்வி: நானும் என் கணவரும் நாலைந்து வருடமாக ஓர் ஆளுமை மேம்பாட்டு அமைப்பில் இருக்கிறோம். வேலையிடத்தில் வாய் திறக்கவே பயந்த நான் இன்று கூட்டம் நடத்துகிறேன் என்றால் அந்த வகுப்புகள்தான் காரணம். ஆனால் இப்போது ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் சொந்தக்காரர், நண்பர்களின் போன் நம்பர்களைக் கேட்கிறார்கள். தயங்கினால், "அது உங்கள் மனத்தடை" என்கிறார்கள். ஒரு தோழி வகுப்பில் அழுதுகொண்டே சொன்ன குடும்ப விஷயம் பிறகு வெளியே பேசப்பட்டது. இதையெல்லாம் மாற்றவேண்டும் என்று எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம். பொறுப்பாளர்கள் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். "விட்டுட்டு வா" என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?
- ஈசூன் வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கடிதம் எழுதுவதற்கும் கூட்டம் போடுவதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் அமைப்பு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வருடக்கணக்காகப் பணம் கட்டுகிறவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை, ஆனால் உங்கள் எட்டுப் பேருக்கும் அங்கே எவ்வளவு பலம் என்பது இதில்தான் தெரியும்.

சிங்கப்பூரின் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம் என்றால் அதற்கு எழுதப்பட்ட சட்டதிட்டம் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். சிறப்புப் பொதுக்கூட்டம் வேண்டும் என்று எத்தனை உறுப்பினர்கள் எழுத்தில் கேட்கவேண்டும் என்பது பொதுவாக அதிலேயே இருக்கும். உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக, அதாவது பங்குகள் இல்லாமல் உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நடக்கும் நிறுவனமாகப் பதிந்து, உங்கள் பெயரும் அதன் உறுப்பினர் பதிவேட்டில் இருந்தால், வாக்குரிமையில் பத்து விழுக்காடு உள்ளவர்கள் சேர்ந்து கேட்டாலே இயக்குநர்கள் இரண்டு மாதத்துக்குள் கூட்டம் கூட்டியாகவேண்டும், கம்பெனிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு ஆணையமான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடும்போது அது ஒருவரோ இருவரோ பங்கு வைத்திருக்கும் பிரைவேட் லிமிடெட் என்று தெரிந்தால், உறுப்பினர் அட்டை கையில் இருந்தாலும் நீங்கள் வாடிக்கையாளர்தான். அங்கே உங்களுக்கு வாக்கு கிடையாது. உங்களிடம் இருப்பது நீங்கள் கட்டும் கட்டணமும், வார இறுதிகளில் நாற்காலி போட்டு, பதிவு மேசையில் உட்கார்ந்து, புதியவர்களுக்குப் போன் செய்து சம்பளமில்லாமல் கொடுக்கும் உழைப்பும்தான். அது சின்ன விஷயம் இல்லை. எட்டுப் பேர் ஒரே நாளில், "இந்த மாற்றம் வரும்வரை தொண்டூழியம் செய்யமாட்டோம்" என்றால் அடுத்த வகுப்பு நடத்தவே திணறுவார்கள்.

அப்புறம், ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அதுதான். இந்த மாதிரிப் பயிற்சிகளில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் குறையைச் சொன்னாலும் அது சொன்னவரின் உள்மனப் பிரச்சினையாகத் திரும்பிவிடும். "கட்டணம் அதிகம்" என்றால் பணத்தைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பயம், "நம்பர் தரமாட்டேன்" என்றால் நிராகரிப்பைப் பற்றிய பயம். இது இன்று நேற்று வந்ததும் இல்லை. 1971ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வெர்னர் எர்ஹார்ட் தொடங்கிய எஸ்ட் பயிற்சியில் பெரிய கூடத்தில் ஆட்களை மணிக்கணக்காக உட்காரவைத்து, கழிப்பறைக்குப் போவதற்குக்கூடக் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். பலருக்கு அது பிடித்திருந்தது, பலர் கடுமையாகக் குறை சொன்னார்கள், 1984ல் அந்த வடிவத்தை நிறுத்திவிட்டு வேறு பெயரில் வேறு பயிற்சியைக் கொண்டுவந்தார்கள். உங்கள் வகுப்பு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தனி அறையில், உங்கள் பலவீனமெல்லாம் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து, "உண்மையில் உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று பரிவோடு கேட்கும்போது, எவ்வளவு தெளிவான ஆளும் தன் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு வெளியே வருவார். அதனால் இனி யாரும் தனியாகப் போகவேண்டாம். குறைந்தது இரண்டு பேர் போங்கள், பேசியதை அன்று இரவே சுருக்கமாக எழுதி அவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

கோரிக்கையில் ஆட்களைப் பற்றி எழுதாதீர்கள், நடைமுறையைப் பற்றி எழுதுங்கள். நிறுவனர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சை எடுத்தால் எட்டுப் பேர் நாலாகிவிடுவீர்கள், அவரால் வாழ்க்கை மாறியவர்கள் உங்களுக்குள்ளேயே இருப்பார்கள். நீங்களே ஒருவர். வகுப்பில் கிடைத்த நன்மையைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே மனமாரச் சொல்லுங்கள், அது உண்மைதானே. அப்புறம் நேராக விஷயத்துக்கு வாருங்கள்: வகுப்பு நேரத்தில் நம்பர் கேட்கக்கூடாது, பகிர்ந்த விஷயத்தை வெளியே சொன்னால் என்ன நடவடிக்கை என்று எழுத்தில் வேண்டும், பணம் திரும்பக் கிடைக்கும் விதிமுறையைக் கட்டும் முன்பே காட்டவேண்டும். பதில் சொல்ல ஒரு தேதியும் போடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கோபத்தில் "மோசடி" போன்ற வார்த்தைகளைத் தட்டிவிடாதீர்கள், இங்கே அவதூறு வழக்கு விளையாட்டுக் காரியம் இல்லை.

நம்பர் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவர் விவரத்தைச் சேகரித்து விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது பொதுவாகக் கூடாது. விளம்பர அழைப்பு வேண்டாம் என்பவர்கள் தங்கள் நம்பரைப் பதிந்துவைக்கும் அழைக்கக்கூடாதோர் பதிவேடும் 2014லிருந்து நடப்பில் இருக்கிறது. உங்கள் நாத்தனார் நம்பரை நீங்கள் எழுதிக் கொடுத்ததாலேயே அவர் சம்மதித்ததாக ஆகிவிடாது. இதைச் சண்டையாகச் சொல்லவேண்டாம், "அமைப்புக்கே பிரச்சினை வரலாம்" என்று அக்கறையாகச் சொல்லுங்கள், காதில் ஏறும்.

உங்கள் கணவரைப் பற்றி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் இன்றைக்கே விலகவேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த தேதிவரை பொறுக்கச் சொல்லுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகும் பதில் இல்லையென்றால், அல்லது உங்களில் ஒருவரை மட்டும் தண்டித்தால், எட்டுப் பேரும் சேர்ந்தே விலகுங்கள். நடத்தாத வகுப்புக்குக் கட்டிய பணம் இருந்தால் முதலில் பயனீட்டாளர் சங்கமான கேஸ் அமைப்பிடம் போங்கள், பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளிவரை கேட்கலாம், ஆனால் இரண்டு வருடக் காலவரம்பு உண்டு, ரசீதுகளை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

கடைசியாக உங்கள் தோழி. அவர் விஷயம்தான் உங்களிடம் இருக்கும் வலுவான ஆதாரம் என்று மற்றவர்கள் சொல்வார்கள், நீங்களும் அப்படி நினைக்கலாம். அவரிடம் கேட்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஒருமுறை அவரைக் கேட்காமல்தான் அது வெளியே போனது. எழுதியதைக் காட்டுங்கள், அவர் வேண்டாம் என்றால் அந்தப் பத்தியையே எடுத்துவிடுங்கள், கடிதம் கொஞ்சம் பலம் குறைந்தாலும் பரவாயில்லை.