தனியா வந்த புள்ளைக்கு யாரு பொறுப்பு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நான் ஃபாஸ்டர் பண்ற, அதாவது பெத்தவங்க பக்கத்துல இல்லாததால என் வீட்டுல வெச்சு வளர்க்கற பையனப் பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினேன், அவ்ளோதான், இந்த தடவ வந்த கேள்வி பூரா அதுதான். இங்கிலாந்துக்கு அப்பா அம்மா இல்லாம தனியா வந்து அசைலம், அதாவது அகதியா அடைக்கலம் கேக்கற புள்ளைங்க. சரி, சமையல் கேள்வியெல்லாம் அடுத்த இதழ்ல.

கே: அக்கா, கென்ட்ல ஓட்டல்ல வெச்சிருந்த அகதிப் புள்ளைங்க காணாம போய் கோர்ட் கவுன்சில திட்டுச்சுன்னு படிச்சேன். கவுன்சில்னா நம்ம கார்ப்பரேஷன் மாதிரி குப்பை, தெருவிளக்குதானே, அதுக்கும் புள்ளைங்களுக்கும் என்ன சம்பந்தம்? – மதுரை வாசகர்

ப: இங்க வந்த புதுசுல எனக்கும் இதே குழப்பம்தான். நம்ம ஊர்ல மாநகராட்சி புள்ள வளர்க்காது, அதுக்கு மாவட்டத்துல குழந்தைகள் நலக் குழுன்னு தனியா இருக்கு. இங்க 1989ல வந்த சில்ட்ரன் ஆக்ட், 20வது பிரிவு, தன் எல்லைக்குள்ள பாத்துக்க ஆளில்லாம ஒரு புள்ள இருந்தா அதுக்கு தங்க எடம் குடுக்கறது கவுன்சில் வேலைன்னு சொல்லிடுச்சு. எந்த நாடு, விசா இருக்கா இல்லையா, அந்த பிரிவு கேக்கவே கேக்காது. அகதி கேஸ ஹோம் ஆபீஸ், அதாவது இங்கத்த உள்துறை, பாத்துக்கும், சோறு, படுக்கை, ஸ்கூல், டாக்டர் எல்லாம் கவுன்சில்.

இந்த ரெண்டையும் போட்டு குழப்பினதுலதான் கென்ட்ல அவ்ளோ கூத்தும் நடந்துச்சு. படகுல வர்றவங்க டோவர் துறைமுகத்துல எறங்கறாங்க, டோவர் கென்ட் கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) இருக்கு, அதனால அப்படி தனியா வர்ற புள்ளைங்க பெரும்பாலும் கென்ட் தலைல. 2020 ஆகஸ்ட்ல இனிமே முடியாதுன்னு கைய விரிச்சாங்க, 2021 ஜூன்ல மறுபடியும் விரிச்சாங்க, உடனே ஹோம் ஆபீஸ் அடுத்த மாசமே ஓட்டல எடுத்து புள்ளைங்கள அதுல வெக்க ஆரம்பிச்சுது. ஒன்றரை வருஷத்துல 4,600 புள்ளைங்க, 2023 ஜனவரில அரசாங்கமே பார்லிமெண்ட்ல சொன்ன கணக்குல 200 பேர் எங்கன்னே தெரியல, அதுல பெரும்பாலும் அல்பேனியா பசங்க. ஓட்டல்ல இருந்த வரைக்கும் இவங்கள எந்த கவுன்சிலும் தன் பொறுப்புன்னு ஏத்துக்கல பாருங்க, அதுதான் எனக்கு வயித்த கலக்குது. நம்ம வீட்டுப் புள்ள ஒரு ராத்திரி வரலன்னா தேட நாலு பேர் ஓடுவோம், இதுங்களத் தேட வேண்டியது யாருன்னே முடிவாகல. அப்புறம் குழந்தை கடத்தலுக்கு எதிரா வேல செய்யற எக்பாட் அமைப்பு கேஸ் போட்டு, 2023 ஜூலைல லண்டன் ஹை கோர்ட் ரெண்டு பேரையும் புடிச்சுது, ஹோம் ஆபீஸ் வழக்கமா ஓட்டல்ல வெச்சதும் சட்டவிரோதம், கென்ட் ஏத்துக்காததும் சட்டவிரோதம்னு. 2024 ஆரம்பத்துல அந்த ஓட்டலெல்லாம் மூடியாச்சு.

கென்ட் மேல முழுசா கோவப்படவும் முடியல என்னால. கடல் பக்கத்துல இருக்கறது அவங்க குத்தமா? மத்த கவுன்சிலுங்க பங்கு போட்டுக்கணும்னு 2016லயே ஒரு திட்டம் இருந்துச்சு, ஆனா இஷ்டப்பட்டா சேரலாம் ரகம், யாரு இஷ்டப்படுவா. 2021 கடைசிலதான் கட்டாயம் ஆச்சு. இப்ப கணக்கு என்னன்னா, ஒரு கவுன்சில் எல்லைல ஒரு லட்சம் புள்ளைங்க இருந்தா, 100 அகதிப் புள்ளைங்க வரைக்கும் அனுப்பலாம். மத்திய அரசு பணமும் தருது, 2021ல ஒரு புள்ளைக்கு ஒரு ராத்திரிக்கு 143 பவுண்ட்னு வெச்சாங்க, அதுவும் நெறைய புள்ளைங்கள வெச்சிருக்கற கவுன்சிலுக்குத்தான், மத்தவங்களுக்கு 114. பத்தலன்னு எல்லாரும் பொலம்பறாங்க. பொலம்பட்டும், ஆனா எடம் நெறைஞ்சுடுச்சுன்னு போர்டு மாட்ட சட்டத்துல வழி இல்ல.

கே: அக்கா, என்ர மனுசியின்ர ஒன்றுவிட்ட தமையன்ர பொடியன், 15 வயசு, தனிய வந்து எங்களோட ஹரோவில இருக்கிறான். கவுன்சிலுக்கு சொன்னா பொடியனை கொண்டுபோயிடுவினம் எண்டு ஆக்கள் சொல்லுகினம். சொல்லாமல் விடலாமோ? – பேர் வேண்டாம்

ப: விடாதீங்க அண்ணா, இன்னிக்கே போன் பண்ணுங்க. நம்மாளுங்க மாட்டிக்கறது இங்கதான், ஏன்னா நமக்கு ஒன்றுவிட்ட அண்ணனும் அண்ணன்தான், அவர் பையனுக்கு உங்க மனைவி அத்தை. இங்கிலாந்து சட்டத்துக்கு அந்த அத்தை அத்தையே இல்ல. தாத்தா பாட்டி, கூடப்பொறந்தவங்க, அப்பா அம்மாவோட நேரடி அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி, அவங்களக் கட்டினவங்க, மாற்றாந்தாய் மாற்றாந்தகப்பன், இவ்ளோதான் சொந்தம். இதுக்கு வெளிய இருக்கறவங்க 16 வயசுக்கு கீழ உள்ள புள்ளைய 28 நாளோ அதுக்கு மேலயோ வெச்சிருந்தா பிரைவேட் ஃபாஸ்டரிங், கவுன்சிலுக்கு சொல்லியே ஆகணும், மறைச்சா குத்தம். சொன்னதும் தூக்கிட்டு போய்டுவாங்கங்கறது பயத்துல பரவற கதை. சோஷியல் வொர்க்கர் வருவாங்க, வீட்டப் பாப்பாங்க, பையன்கிட்ட தனியா பேசுவாங்க, அவன் நல்லா இருந்து உங்களோடயே இருக்கணும்னு சொன்னா அதுக்கு மதிப்பு குடுப்பாங்க. அவன கவுன்சில் பராமரிப்புல சேக்கணுமா, உங்களோடயே விட்டு உதவி பண்ணலாமான்னு அவங்க பாத்து முடிவெடுக்கணும், அதையும் வாய் விட்டுக் கேளுங்க. ஏன் கேக்கணும்னா அடுத்த பதில்ல இருக்கு.

கே: 18 முடிஞ்சதும் நடுத்தெருவா? – கோவை வாசகி

ப: இல்ல. 14 வயசுக்கப்புறம் மொத்தமா 13 வாரம் கவுன்சில் பராமரிப்புல இருந்து, 16 தாண்டியும் கொஞ்ச நாள் இருந்திருந்தா, 18க்கு அப்புறமும் கவுன்சில் கைவிட முடியாது, 25 வரைக்கும் பெர்சனல் அட்வைசர்னு வழிகாட்ட ஒருத்தர் உண்டு. 17 வயசு 10 மாசத்துல வந்து எறங்கற பையனுக்கு 18க்குள்ள அந்த 13 வாரம் தேறாது பாருங்க, சில வார வித்தியாசத்துல இந்த உரிமை போச்சு. அசைலம் கேஸ் தோத்து அப்பீலும் முடிஞ்சுட்டா 18க்கு மேல கவுன்சில் உதவியும் சுருங்கிடும்.

கே: வயச எப்படிங்க நம்பறது, மீசை வெச்சவன்லாம் 16ங்கறானே? – திருச்சி வாசகர்

ப: உங்க தாத்தா பொறந்த தேதி என்னன்னு கேட்டுப் பாருங்க சார். ஹெட்மாஸ்டர் போட்ட ஜூன் 1ஆ இருக்கும். ஆப்கானிஸ்தான் கிராமத்துப் பையனும் அப்படித்தான், தேதி தெரியாதுன்னா இங்க ஜனவரி 1ன்னு எழுதிக்கறாங்க. சந்தேகம் வந்தா ரெண்டு சோஷியல் வொர்க்கர் உக்காந்து அவன் கதைய கேட்டு முடிவு பண்ணணும், பாத்த ஒடனே மூஞ்சிய வெச்சு சொல்லக் கூடாது, 18க்கு மேலயா கீழயான்னு சொல்ல முடியாத மாதிரி இருந்தா முக்கியமா. இதுக்கெல்லாம் அடிப்படை 2003ல லண்டன் மெர்ட்டன் கவுன்சில் மேல நடந்த கேஸ். 2009ல குராய்டன் கவுன்சில் கேஸ்ல இங்கத்த சுப்ரீம் கோர்ட் இன்னொன்னு சொல்லுச்சு, வயசுங்கறது கவுன்சிலோட அபிப்பிராயம் இல்ல, உண்மையா பொய்யாங்கற விஷயம், தகராறுன்னா கோர்ட்டே தீர்மானிக்கும்னு. தப்பா பெரியவன்னு சொல்லி 15 வயசுப் பையன பெரிய ஆம்பளைங்களோட ஒரே ரூம்ல போட்டா என்னாகும்னு ஒரு நிமிஷம் நெனைங்க, மீசை அப்புறம்.

கே: அந்தப் பையனுக்கு இப்ப சட்டப்படி நீங்கதான் அம்மாவா? – சேலம் வாசகி

ப: இல்லம்மா, நானும் இல்ல, கவுன்சிலும் இல்ல. 20வது பிரிவுல எடுத்தா கவுன்சில் பாத்துக்கும், ஆனா பெத்தவங்க உரிமை பெத்தவங்ககிட்டயே இருக்கும், அவங்க எங்க இருந்தாலும் சரி. ஸ்கூல் டூர், முடி வெட்டறது மாதிரி சின்ன விஷயம் நானே பாத்துக்கலாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. போன வருஷம் அவனுக்கு ராத்திரில அப்பெண்டிக்ஸ் வலி, ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க, நர்ஸ் ஃபார்ம நீட்டி நீங்க அம்மாவான்னு கேக்கறாங்க, சோஷியல் வொர்க்கர் போன் எடுக்கல, எனக்கு கை காலெல்லாம் நடுங்குது. அப்புறம் டாக்டர் வந்து, 16 முடிஞ்சுடுச்சுல்ல, அவனே போடலாம்னுட்டார். அவன் ஊர்ல இருக்கற அம்மாவுக்கு வாட்ஸப்ல கால் போட்டான், அந்தம்மா பத்து நிமிஷம் விடாம பேசினாங்க, எனக்கு ஒரு வார்த்த புரியல. என்னடா சொன்னாங்கன்னு கேட்டேன். கையெழுத்து கோணலா போடாதேன்னு சொன்னாங்களாம்.