எர்ரர் வராது, கணக்கு மட்டும் தப்பும்: எஸ்க்யூஎல் கேள்வி பதில்

பனியன் கம்பெனி, மில்லு, மண்டின்னு நம்ம பக்கத்துத் தொழிலுக்கு சாஃப்ட்வேர் எழுதுறவங்க எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்ல இருந்து கணக்கு எடுக்கிற மொழி) பத்திக் கேட்டதுக்கெல்லாம் இங்க பதில் சொல்லியிருக்கேனுங்க. சிலது ஒரே வரியில முடிஞ்சுது, சிலது இழுத்துருச்சு.

திருப்பூர்: அக்கா, பில், ஐட்டம், வசூல் மூணு டேபிளையும் ஜாயின் பண்ணி (ஒண்ணாச் சேர்த்து) ரிப்போர்ட் எடுத்தா மொத்தம் கூடுதலா வருது. டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு திரும்ப வந்தா ஒரு தடவை மட்டும் எடுக்கிறது) போட்டா சரியாயிருமா?

ஆகாதுங்க தம்பி. ஒரே ஒரு பில்லை எடுத்துப் பேப்பர்ல போட்டுப் பாருங்க. மூணு ஐட்டம்: 40,000, 35,000, 25,000. ஆக ஒரு லட்சம். பார்ட்டி ரெண்டு தவணையாக் குடுத்தார்: 60,000, 40,000. மூணு டேபிளையும் ஒண்ணாச் சேர்த்தா ஒவ்வொரு ஐட்டமும் ஒவ்வொரு தவணையோடவும் ஜோடி சேரும். மூணு ரெண்டு ஆறு வரி. ஐட்டத்தைக் கூட்டினா ரெண்டு லட்சம், வசூலைக் கூட்டினா மூணு லட்சம். சர்வர் இதுல ஒரு தப்பும் பண்ணலை, கேட்டதைத்தான் குடுத்துது.

டிஸ்டிங்க்ட் போட்டா இந்தப் பில்லுக்கு ஒத்து வர்ற மாதிரி இருக்கும். அதுதான் ஆபத்து. நாளைக்கு ஒரு பில்லுல ரெண்டு ஐட்டமும் 25,000ன்னு இருந்தா ஒண்ணு காணாமப் போயிரும். ஐட்டத்தைத் தனியா பில் நம்பர்வாரியா குரூப் பண்ணிக் கூட்டுங்க, வசூலையும் அதே மாதிரி தனியாக் கூட்டுங்க. ரெண்டுலயும் பில்லுக்கு ஒரு வரின்னு ஆன பொறகு சேருங்க.

இன்னொண்ணு. வசூலைச் சேர்க்கும்போது லெஃப்ட் ஜாயின் போடுங்க. வெறும் ஜாயின் போட்டா ஒரு பைசாவும் கட்டாத பார்ட்டி ரிப்போர்ட்டுலயே வரமாட்டார். பாக்கி ரிப்போர்ட்டுல பாக்கிக்காரரையே காணோம்னா மொதலாளி என்னத்தைத் தேடுவார்? லெஃப்ட் ஜாயின் போட்டாலும் அவருக்கு வசூல் நல்னு (NULL, மதிப்பே இல்லைன்னு அர்த்தம்) வரும். ஒரு லட்சத்துல நல்லைக் கழிச்சா வர்றதும் நல்தான். கோயலெஸ் (COALESCE) போட்டு அதைச் சைபர் ஆக்கிக்குங்க.

பொள்ளாச்சி: லோடு அனுப்பாத பார்ட்டிகளை எடுக்க நாட் இன் (NOT IN, இந்தப் பட்டியல்ல இல்லாததுன்னு கேக்குறது) போட்டேனுங்க. ஒரு வரிகூட வரலை. ஆனா அப்படிப்பட்ட பார்ட்டிக இருக்காங்க.

உள்ள இருக்கிற செலக்ட்டுல எங்கயோ ஒரு பார்ட்டி ஐடி காலியா, அதாவது நல்னு (NULL) இருக்குது. அது ஒண்ணு இருந்தாப் போதும், நாட் இன் எதையுமே ‘இல்லை’ன்னு உறுதியாச் சொல்லாது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டு எழுதுங்க. லோடு டேபிள்ல அந்தக் காலம் (column) காலியா இருக்கலாமான்னும் ஒருக்கா யோசிங்க.

நாமக்கல்: எக்ஸெல்ல இருந்து ஏத்தினா எச்எஸ்என் கோடு (ஜிஎஸ்டி பில்லுல போடுற சரக்குக் குறியீடு) மூணு இலக்கமா நிக்குதுங்க.

நம்பராச் சேமிச்சா மொதல்ல இருக்கிற சைபர் போயிரும். திருப்பூர்க்காரங்களுக்கு இந்தத் தொந்தரவே தெரியாது, டீ ஷர்ட் 6109. ஆனா உங்க முட்டை 0407, பொள்ளாச்சித் தேங்காய் 0801, ஈரோட்டு மஞ்சள் 0910. கூட்டிக் கழிக்காத எதுவும் நம்பர் இல்லைங்க: எச்எஸ்என், போன் நம்பர், பின்கோடு எல்லாத்தையும் எழுத்தாவே வைங்க. எக்ஸெல்லுலயும் அந்தக் காலத்தை டெக்ஸ்ட்னு மாத்தீட்டு அப்புறம் ஏத்துங்க.

ஈரோடு: எஸ்க்யூஎல் சர்வர்ல விவசாயி பேரைத் தமிழ்ல போட்டா வெறும் கேள்விக்குறியா வருது.

காலம் என்வார்ச்சார் (NVARCHAR) வகையா இருக்கோணும். நேரடியா இன்சர்ட் எழுதினா மேற்கோளுக்கு முன்னால N-ங்கற எழுத்தைப் போடோணும். ஏற்கெனவே கேள்விக்குறியா ஏறினது திரும்ப வராதுங்க, மறுபடி டைப் பண்ணித்தான் ஆகோணும்.

பெருந்துறை: நைட் ஷிஃப்ட் உற்பத்தி முந்தின நாள் கணக்குல விழுகுது அக்கா.

எத்தனை மணி வரைக்கும்னு பாருங்க. விடியக்காலம் 5:30 வரைக்குமானது மட்டும் விழுந்தா, சர்வர் யூடிசி (UTC, உலகப் பொது நேரம்) நேரத்துல ஓடுதுன்னு அர்த்தம். நம்ம நேரம் அதைவிட அஞ்சரை மணி முன்னால. தேதியா வெட்டறதுக்கு முன்னாடி நம்ம நேரத்துக்கு மாத்தோணும். போஸ்ட்கிரெஸ்ல டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன் காலமா இருந்தா, அட் டைம் ஸோன்னு போட்டு ஏசியா/கொல்கத்தா குடுங்க. மைஎஸ்க்யூஎல்லுல கன்வர்ட் டீஸட் (CONVERT_TZ) போடுங்க. அங்க டைம் ஸோன் டேபிள் ஏத்தாம ஊர்ப் பேர் குடுத்தா நல் வரும், +05:30னு குடுத்தா வேலை செய்யும்.

ஆனா அந்த ஷிஃப்ட் எந்த நாள் கணக்குன்னு மொதலாளிகிட்டக் கேட்டீங்களா? முந்தின நாள்தான்னு சொல்ற மில்லும் இருக்குது. அது டைம் ஸோன் சமாச்சாரம் இல்லை, மில்லு வழக்கம். ஷிஃப்ட் தேதின்னு தனியா ஒரு காலம் வெச்சுருங்க. நேரத்தை வெச்சு ஊகிச்சா ஒவ்வொரு ரிப்போர்ட்டும் ஒவ்வொண்ணு சொல்லும்.

கரூர்: தேதிக்கு இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவற அட்டவணை) இருந்தும் குவரி ஊருதுங்க.

வேர் (WHERE) நிபந்தனையில டேட்னு ஃபங்ஷனுக்குள்ள காலத்தைப் போட்டிருப்பீங்க. அப்படிப் போட்டா சாதா இண்டெக்ஸ் உதவாது. இன்னைக்குத் தேதி 00:00க்குச் சமம் அல்லது மேல, நாளைத் தேதி 00:00க்குக் கீழன்னு வரம்பா எழுதுங்க. எக்ஸ்ப்ளைன் (குவரியை எப்படி ஓட்டப் போகுதுன்னு காட்டறது) போட்டுப் பாருங்க. எக்ஸ்ப்ளைன் அனலைஸ் போடும்போது மட்டும் கவனம்: அது நிசமாவே ஓட்டும். டெலீட்டுக்கு முன்னால போட்டா, டெலீட் ஆயிரும்.

சரவணம்பட்டி: டிபீவர்ல (டேட்டாபேஸ் பாக்கிற டூல்) பொசுக்குன்னு வருது, ஆப்ல நிமிஷக் கணக்காகுது. அதே குவரி.

டிபீவர் மொதல்ல 200 வரிதான் எடுத்துக் காட்டும். உங்க ஆப் அத்தனையும் எடுக்குது. ஆப்லயும் பக்கம் பக்கமா எடுங்க.

காங்கேயம்: லைவ் டேட்டாவுல அப்டேட் போட கை நடுங்குதுங்க.

நடுங்கட்டும், நல்லதுதான். அதே வேர் வெச்சு மொதல்ல செலக்ட் போட்டு எத்தனை வரின்னு பாருங்க. பிகின் போட்டு அப்டேட் ஓட்டுங்க, எண்ணிக்கை ஒத்துப்போனா கமிட் (நிலையாச் சேமிக்க), இல்லைன்னா ரோல்பேக் (பழையபடி திருப்ப). நடுவுல டீக்கு எந்திரிச்சுப் போயிராதீங்க. அந்த வரிகளை நீங்க பிடிச்சு வெச்சிருக்கீங்க, அதே வரியை மாத்த வர்ற பில் கவுண்டர் அங்க அப்படியே நிக்கும். மைஎஸ்க்யூஎல்லுல ட்ரங்கேட், ஆல்டர் டேபிள் எல்லாம் தானா கமிட் ஆயிரும், அதுக்கு ரோல்பேக் கிடையாது. மைஎஸ்க்யூஎல் ஒர்க்பெஞ்ச் 1175னு எர்ரர் குடுத்துத் தடுக்கும்போது, உடனே அந்த சேஃப் அப்டேட் செட்டிங்கை அணைக்கிறவங்களை எனக்குப் பிடிக்காதுங்க.

கோபி: தினமும் ராத்திரி பேக்கப் ஓடுது. போதுங்களா?

ஃபைல் அதே சர்வர்லயே கிடந்தா போதாது, டிஸ்க் போனா ரெண்டும் போகும். வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி, போன மாச பில் எண்ணிக்கையும் மொத்தமும் ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. இந்த வாரமே பாருங்க.