பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளைச் சேகரித்துச் சுடுவது இன்றைய விலையில் கட்டுப்படியாகுமா?

அமெரிக்காவில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டுப்படியாகும், ஆனால் அலமாரிக்கு ஒன்று, சுடுவதற்கு ஒன்று என்று பிரித்து வாங்க வேண்டும்.

லூகர் பி08-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஜெர்மன் தரைப்படை 1908-இல் ஏற்றுக்கொண்டது. சின்னச் சின்னப் பாகங்களில்கூட வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பொறித்திருப்பார்கள், அவை எல்லாம் ஒத்துப்போனால்தான் நல்ல விலை. அதைச் சுடப்போய், நூறு வருஷம் தாங்கிய எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை இழுத்து எடுக்கும் கொக்கி) உடைந்தால் மாற்றுப் பாகம் கிடைக்கும், ஆனால் எண் பொருந்தாது, போன மதிப்பு போனதுதான். அதனால் சுடுவதற்கு எண்கள் கலந்த, மறுபூச்சு போட்ட லூகரைத் தேடுங்கள், விலையும் குறைவு, மனசும் பதறாது.

அப்புறம் தோட்டா. ரஷ்ய நாகந்த் ரிவால்வர் ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்தது, இப்போது அப்படி இல்லை, அதற்கென்றே உள்ள தோட்டாவும் எளிதில் சிக்காது. 2021-இல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புது அனுமதி தருவதை அமெரிக்கா நிறுத்தியது வேறு. லூகருக்கும், இன்னொரு ஜெர்மன் ராணுவக் கைத்துப்பாக்கியான வால்தர் பி38-க்கும் 9 மி.மீ. தோட்டா போதும், எந்தக் கடையிலும் கிடைக்கும். பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் பலவற்றின் பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) சுடும்போது குழலுக்குள் உப்பைக் கக்கும், அன்றைக்கே குழலில் சுடுநீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் செந்துரு பூத்துவிடும்.

ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்டவற்றை வாங்க சேகரிப்பாளர் உரிமம் இருக்கிறது, மூன்று வருஷத்துக்கு 30 டாலர்தான். முதலில் அதை எடுங்கள்.