பட்டாபிராமில் வாடகை வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை: சரிவருமா?

ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வீடு கிடைத்தால் தாராளமாகப் போகலாம். எஸ்டேட்டுக்குப் பட்டரவாக்கத்தில் இறங்கினால் போதும். ஆனால் சென்னையிலிருந்து வரும் பல லோக்கல் பட்டாபிராமுக்கு முன்பே, ஆவடியோடு நின்றுவிடும். இரவு ஷிப்ட் முடிகிற நேரத்துக்குப் பட்டாபிராம் வழியாகப் போகும் திருவள்ளூர் வண்டி இருக்கிறதா, அதை முதலில் பாருங்கள்.

வாடகை வழக்கத்தைவிட ரொம்பக் குறைவு என்றால் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். சுவரின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள்: புது பெயிண்டையும் மீறி உப்புப் பூத்து, எல்லா அறையிலும் ஒரே மட்டத்தில் கோடு தெரிந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வந்திருக்க வாய்ப்பு அதிகம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எவ்வளவு நின்றது என்று தெருமுனைக் கடைக்காரரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் வேண்டாம்.

போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 500க்கு மேல் போனால் கேன் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். குறைவாகக் காட்டினாலும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது.